பிரெஞ்சில் ‘ஸெ’ வரும் வினைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அன்றாட வேலைகளைச் சொல்லும் பாடம் வந்துவிடும். எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், உடுத்துகிறேன், படுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஜெ மெ லேவ், ஜெ மெ தூஷ், ஜெ மாபீய், ஜெ மெ கூஷ். நான்கிலும் ‘நான்’ என்பதற்குப் பிறகு ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு வருவதைப் பாருங்கள். அகராதியில் இந்த வினைகள் ‘ஸெ’ என்ற முன்சொல்லோடு இருக்கும்: ஸெ லெவே, ஸெ தூஷே, ஸாபியே, ஸெ கூஷே. பிரெஞ்சு இலக்கணத்தில் இவற்றுக்கு ‘வெர்ப் ப்ரோநோமினால்’ என்று பெயர். நம் பள்ளிகளில் பெரும்பாலும் ‘ரிஃப்ளெக்ஸிவ் வெர்ப்’ என்கிறோம்.

தமிழ் வழியாகச் சிந்திப்பவர்கள் இதில் எங்கெல்லாம் தடுக்கி நிற்கிறார்களோ அந்தக் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பிரெஞ்சுச் சொற்களை ஏறக்குறைய ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். மூக்கொலிகளுக்கு ‘ன்’ அல்லது ‘ம்’ போட்டிருக்கிறேன். சரியான உச்சரிப்பைக் காதால் கேட்டுப் பழகுங்கள்.

இந்தக் குட்டிச் சொல் என்ன வேலை செய்கிறது?

வினையின் பலன் வெளியே போகாமல், செய்தவர் மீதே திரும்புகிறது என்று காட்டுகிறது. ‘லாவே’ என்றால் கழுவுதல். ஜெ லாவ் லா வ்வாத்யூர்: காரைக் கழுவுகிறேன். ஜெ மெ லாவ்: என் உடம்பைக் கழுவுகிறேன், அதாவது குளிக்கிறேன். வினை ஒன்றுதான். யார் மீது போய் விழுகிறது என்பதுதான் வேறு.

ஆளுக்கு ஏற்ப அந்தச் சொல் மாறும். ஜெ மெ லாவ், த்யூ தெ லாவ், இல் ஸெ லாவ், நூ நூ லாவோன், வூ வூ லாவே, இல் ஸெ லாவ். கடைசியில் இருப்பது ‘அவர்கள்’. எழுத்தில் வேறாக இருந்தாலும் ஒலியில் ‘அவன்’ போலவேதான் கேட்கும். ‘நூ நூ’, ‘வூ வூ’ என்று இரண்டு முறை வருவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். முதலாவது எழுவாய், இரண்டாவதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் குட்டிச் சொல்.

அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மெ, தெ, ஸெ மூன்றும் தம் உயிரை இழந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். பெயர் சொல்லும்போது வரும் ‘ஜெ மாப்பெல்’ அப்படி வந்ததுதான். எழுத்தில் ‘எச்’ இருந்து ஒலியில் இல்லாத பெரும்பாலான சொற்களுக்கும் இதே கதை: ஸாபியே. ஆனால் ‘விரைதல்’ என்ற பொருளில் வரும் ‘ஸெ ஆத்தே’ ஒட்டாது. அந்த ‘எச்’சும் ஒலிப்பதில்லை, ஆனாலும் ஒட்டவிடாது. இந்த வகை எச் எந்தச் சொற்களில் வருகிறது என்பதை அகராதியில் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

‘தன்னைத்தானே’ என்று மொழிபெயர்த்துக்கொண்டால் போதாதா?

போதாது. இந்தப் பாடத்தைத் தமிழ் மாணவர்களுக்குக் கடினமாக்குவதே அந்த மொழிபெயர்ப்புதான் என்பது என் கருத்து. ‘என்னை நானே எழுப்பிக்கொள்கிறேன்’, ‘என்னை நானே படுக்க வைக்கிறேன்’ என்று பாடப்புத்தகத்தில் படித்தால், பிரெஞ்சுக்காரர்கள் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அவர்கள் சுற்றி வளைக்கவில்லை. நாம்தான் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறோம்.

தமிழில் நேரான வழி ஒன்று இருக்கிறது. ‘எழு’, ‘எழுப்பு’ என்று இரண்டு வினைகள் நம்மிடம் உண்டு. அதேபோல் நில், நிறுத்து. திரும்பு, திருப்பு. படு, படுக்கவை. கோபப்படு, கோபப்படுத்து. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான். தமிழில் தன்வினைதான் அடிப்படை, அதில் ஏதாவது சேர்த்துப் பிறவினை ஆக்குகிறோம். இந்த வகை வினைகளில் பிரெஞ்சு எதிர்த் திசையில் போகிறது. அங்கே பிறவினைதான் அடிப்படை, ‘ஸெ’ சேர்த்தால் தன்வினை ஆகிறது. ‘ரெவெய்யே’ என்றால் எழுப்பு, ‘ஸெ ரெவெய்யே’ என்றால் விழித்தெழு. ‘அரெத்தே’ நிறுத்து, ‘ஸரெத்தே’ நில். ‘கூஷே’ படுக்கவை, ‘ஸெ கூஷே’ படு. ‘ஃபாஷே’ கோபப்படுத்து, ‘ஸெ ஃபாஷே’ கோபப்படு.

‘பஸ் இங்கே நிற்கிறது’ என்று எழுதச் சொன்னால் பலர் ‘லெ ப்யூஸ் அரேத் இஸி’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே வினைதான் என்பதால் வரும் பிழை இது. பிரெஞ்சுக்காரர் அதைக் கேட்டால் பஸ் எதையோ நிறுத்துகிறது போலிருக்கிறதே என்று நினைப்பார். ‘லெ ப்யூஸ் ஸரேத் இஸி’ என்பதே சரி. ‘நிற்கிறதா, நிறுத்துகிறதா’ என்று தமிழில் ஒரு தடவை கேட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

உயிரில்லாத பொருளுக்கும் இது பொருந்தும். லா போர்த் ஸூவ்ர்: கதவு திறக்கிறது. லெ வேர் ஸே காஸே: கண்ணாடி டம்ளர் உடைந்தது. டம்ளர் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளுமா? உடைந்தது, அவ்வளவுதான்.

இதிலும் விலக்கு உண்டு. படம் தொடங்குகிறது, சூப் வேகிறது என்பவற்றுக்கு ‘லெ ஃபில்ம் கொமான்ஸ்’, ‘லா ஸூப் க்வி’ என்று ஸெ இல்லாமல்தான் சொல்வார்கள். ‘ஷான்ஜே’ (மாறு), ‘ஃபினீர்’ (முடி) போன்றவையும் அப்படியே. ஆகவே தன்வினை, பிறவினைக் கணக்கு உங்களுக்கு ஓர் ஊகத்தைத் தரும். அதை உறுதி செய்ய அகராதியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம் ‘கொள்’ என்ற துணைவினைதான் ‘ஸெ’யா?

நெருங்கிய உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஒத்துப்போகும் இடங்களை முதலில் பார்க்கலாம். காய்கறி நறுக்கும்போது ‘வெட்டிக்கொண்டேன்’ என்கிறோம், அவர்கள் ‘ஜெ மெ ஸ்வி கூப்பே’ என்கிறார்கள். இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ‘இல் ஸெ ரெகார்த்’, ‘இல் ஸெ பார்ல்’, ‘இல் ஸெ பாத்’. ஒருவருக்கொருவர் என்ற பொருளை நமக்குக் ‘கொள்’ தருவதுபோல அவர்களுக்கு ‘ஸெ’ தருகிறது. விருந்தில் தட்டை நீட்டி ‘எடுத்துக்கோங்க’ என்பதற்கு ‘ஸெர்வே வூ’. இந்த இடங்களில் தமிழ்க் காது தானாகவே சரியாக வேலை செய்யும்.

பிரியும் இடங்களில்தான் கவனம் வேண்டும். கற்றுக்கொள், புரிந்துகொள், ஏற்றுக்கொள் மூன்றிலும் நமக்குக் ‘கொள்’ இருக்கிறது. பிரெஞ்சில் அவை வெறும் ‘அப்ராந்த்ர்’, ‘கோம்ப்ராந்த்ர்’, ‘அக்ஸெப்தே’. ஸெ கிடையாது. ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதில் வரும் ‘கொண்டு’ நிகழ்ந்துகொண்டிருப்பதைக் காட்டுவது, ஸெ-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, பலரும் தவறும் இடம். சலூனுக்குப் போய் வந்து ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்று சொல்கிறோம். கத்தரிக்கோலைப் பிடித்தது வேறொருவர் என்பது தமிழில் சொல்லாமலே புரியும். பிரெஞ்சில் ‘ஜெ மெ ஸ்வி கூப்பே லே ஷெவெ’ என்றால் கண்ணாடி முன் நின்று நீங்களே வெட்டிக்கொண்டீர்கள் என்று பொருள். கடையில் வெட்டியிருந்தால் ‘செய்வித்தல்’ என்ற வினையையும் சேர்க்க வேண்டும்: ஜெ மெ ஸ்வி ஃபே கூப்பே லே ஷெவெ. இந்த ‘ஸெ ஃபேர்’ அமைப்பு மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொள்வது, பல் பிடுங்கிக்கொள்வது, சட்டை தைத்துக்கொள்வது என்று எல்லாவற்றுக்கும் உதவும். பிரான்ஸில் வாழப்போகிறவர்கள் இதை முதல் மாதத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

எந்த வினையோடும் ‘ஸெ’ சேர்க்கலாமா?

முடியாது. ‘நாம் போகலாம்’ என்பதற்கு ஸெ போட்டு ‘அலே’யைச் சொல்ல வழியில்லை. ஆனால் ‘ஆன்’ என்ற இன்னொரு சொல்லும் சேர்ந்தால் ‘ஸான் நாலே’, இடத்தை விட்டுக் கிளம்புதல் என்று ஒரு வினை ஆகிவிடும். ‘ஜெ மான் வே’ என்றால் ‘கிளம்புகிறேன்’.

மறுபக்கம், ஸெ இல்லாமல் வரவே வராத வினைகளும் உண்டு. ‘ஸெ ஸூவ்னீர்’ நினைவுகூர்தல், ‘ஸேவானுயீர்’ மயங்கி விழுதல், ‘ஸெ மெஃபியே’ எச்சரிக்கையாக இருத்தல், ‘ஸான்ஃப்வீர்’ தப்பியோடுதல். இன்றைய பிரெஞ்சில் ‘மெஃபியே’ என்று தனியாக ஒரு வினை இல்லை. இவற்றைக் கற்கும்போதே ஸெ-யோடு சேர்த்து ஒரே சொல்லாகக் கற்க வேண்டும்.

‘நான் எழுந்திருக்கப் போகிறேன்’: ‘ஜெ வே ஸெ லெவே’ ஏன் தப்பு?

அகராதி வடிவத்தை அப்படியே தூக்கி வைத்துவிட்டோம், அதனால்தான். இரண்டு வினைகள் அடுத்தடுத்து வந்தாலும் குட்டிச் சொல் எழுவாயோடு ஒத்துப்போயாக வேண்டும். ஜெ வே மெ லெவே. ‘நாம்’ என்று தொடங்கினால் நூ ஸாலோன் நூ லெவே. விரும்புகிறேன், முடியும், வேண்டும் என்று எந்த வினைக்குப் பின்னால் வந்தாலும் இதே விதிதான். இரண்டு வருடம் படித்தவர்களும் பேச்சு வேகத்தில் இந்தப் பிழையைச் செய்கிறார்கள்.

எதிர்மறையிலும் கட்டளையிலும் எங்கே வைப்பது?

எதிர்மறையில் ‘நெ’ வந்து குட்டிச் சொல்லுக்கும் முன்னால் நின்றுகொள்ளும், ‘பா’ வினைக்குப் பின்னால். ஜெ நெ மெ லேவ் பா. குட்டிச் சொல்லையும் வினையையும் பிரிக்காமல் ஒரு கட்டாக நினைத்து, அந்தக் கட்டுக்கு இருபுறமும் நெ, பா போடுங்கள்.

கட்டளையில்தான் இடம் மாறுகிறது. ‘எழுந்திரு’ என்பதற்கு லேவ் த்வா. குட்டிச் சொல் பின்னால் போய்விட்டது, ‘தெ’ என்பதும் ‘த்வா’ ஆகிவிட்டது. ‘எழுந்திருங்கள்’ லெவே வூ, ‘உட்காருங்கள்’ அஸெய்யே வூ. ‘எழுந்திருக்காதே’ என்று மறுத்துச் சொன்னால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்: நெ தெ லேவ் பா.

‘உட்கார்’ வினைக்கு இரண்டு விதமான வடிவங்கள் இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெ மஸ்யே, ஜெ மஸ்வா இரண்டும் சரி. ஒன்றைப் பேசப் பழகுங்கள், இன்னொன்றைக் கேட்டால் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

இறந்தகாலத்தில் துணைவினையாக ‘அவ்வார்’ (உடைமையைச் சொல்லும் வினை) போடுவதா, ‘எத்ர்’ (இரு) போடுவதா?

எத்ர் மட்டுமே. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லாத அபூர்வமான விதி இது. காரைக் கழுவினேன் என்றால் ‘ஜே லாவே லா வ்வாத்யூர்’, அங்கே அவ்வார். குளித்தேன் என்றால் ‘ஜெ மெ ஸ்வி லாவே’, இங்கே எத்ர். ஸெ வந்துவிட்டால் துணைவினை மாறிவிடும். எதிர்மறையில் துணைவினைக்குப் பின்னாலேயே ‘பா’ வந்துவிடும்: ஜெ நெ மெ ஸ்வி பா லாவே.

‘அவள் குளித்தாள்’ என்பதில் கடைசியில் ‘ஈ’ (e) எழுத்து சேர்கிறது. ‘அவள் கை கழுவினாள்’ என்பதில் சேர்வதில்லை. ஏன்?

தேர்வு எழுதுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

‘எல் ஸே லாவே’: கழுவப்பட்டது யார்? அவளே. அந்தச் செயப்படுபொருளைக் குறிக்கும் குட்டிச் சொல் வினைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதனால் எச்சவினை (துணைவினைக்குப் பின் வரும் ‘லாவே’ என்ற வடிவம்) அதோடு ஒத்துப்போய்ப் பெண்பால் அடையாளமான ‘ஈ’யை எடுத்துக்கொள்கிறது. பன்மையானால் ‘எஸ்’ஸும் சேரும்.

‘எல் ஸே லாவே லே மேன்’: இப்போது கழுவப்பட்டது கைகள். அவை வினைக்குப் பின்னால் வருகின்றன. குட்டிச் சொல் இங்கே ‘தன்னை’ அல்ல, ‘தனக்கு’. ஆகவே எதுவும் சேராது. கைகளை ஏற்கெனவே குறிப்பிட்டுவிட்டு ‘அவற்றைக் கழுவினாள்’ என்று சொன்னால், ‘எல் ஸெ லே ஸே லாவே’ என்று கைகளைக் குறிக்கும் ‘லே’ வினைக்கு முன்னால் வந்துவிடும். உடனே கைகளுக்கு ஏற்பப் பெண்பால் பன்மை அடையாளம் சேர்ந்துவிடும்.

குட்டிச் சொல்லின் இடத்தில் ‘ஐ’ உருபு பொருந்துகிறதா, ‘கு’ உருபு பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. ஐ என்றால் மாற்றம், கு என்றால் மாற்றமில்லை. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்: எல் ஸெ ஸோன் வ்யூ, எழுத்தில் ‘ஈ’யும் ‘எஸ்’ஸும் சேரும். ஒருவருக்கொருவர் போன் பண்ணினார்கள்: எல் ஸெ ஸோன் தெலெஃபோனே, எதுவும் சேராது.

ஆனால் இந்தச் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ‘உதவு’ என்ற வினையைப் பாருங்கள். தமிழில் ‘எனக்கு உதவு’ என்று கு உருபு வரும். பிரெஞ்சில் ‘எதே’ நேரடிச் செயப்படுபொருளைக் கேட்கும் வினை. எனவே ‘எல் ஸெ ஸோன் எதே’ என்பதில் அடையாளம் சேர வேண்டும். தமிழ் உருபு முதல் ஊகத்துக்குத்தான். அந்தப் பிரெஞ்சு வினைக்குப் பின்னால் ‘ஆ’ என்ற முன்னிடைச்சொல் வருமா என்பதே தீர்ப்பைச் சொல்லும். பார்லே (பேசு), தெலெஃபோனே (போன் பண்ணு), எக்ரீர் (எழுது), மான்தீர் (பொய் சொல்), ப்ளேர் (பிடித்துப்போ), ஸுக்ஸெதே (அடுத்து வா) ஆகியவை ஆ கேட்பவை. இவற்றில் மாற்றமில்லை.

ஸெ ஸூவ்னீர் போல எப்போதும் ஸெ-யோடு வாழும் வினைகளில் எழுவாயோடு ஒத்துப்போகும், இந்த விசாரணை தேவையில்லை. ‘ஃபேர்’ வினைக்குப் பின் இன்னொரு வினை வந்தால் ‘ஃபே’ என்றும் மாறாது: முடி வெட்டிக்கொண்டவள் பெண்ணானாலும் ‘எல் ஸே ஃபே கூப்பே லே ஷெவெ’. ‘லெஸ்ஸே’ (விடு) வினைக்கும் இதே வசதியை 1990ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் பரிந்துரைத்தது.

பிரெஞ்சுக்காரர்களே இதில் தடுமாறுவார்கள், அதனால் மனம் தளர வேண்டாம். முன்னால் வரும் செயப்படுபொருளோடு ஒத்துப்போவது என்ற வழக்கத்தை 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் க்ளேமான் மரோ இத்தாலிய மொழியை முன்மாதிரியாகக் காட்டி எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து மாணவர்கள் இதைச் சுமந்து வருகிறார்கள். பேச்சில் பெரும்பாலும் இந்த எழுத்துகள் காதில் விழாது. விழும் சில இடங்களை மட்டும் நாக்குக்குப் பழக்கிவிடுங்கள்: அவன் உட்கார்ந்தான் என்றால் ‘அஸி’, அவள் என்றால் ‘அஸீஸ்’. அவன் அழத் தொடங்கினான் என்றால் ‘இல் ஸே மி ஆ ப்ளரே’, அவள் என்றால் ‘எல் ஸே மீஸ் ஆ ப்ளரே’.

பல் துலக்கும்போது ‘என் பற்களை’ என்று ஏன் சொல்வதில்லை?

‘மெ’ என்பதே யாருடைய பல் என்று சொல்லிவிடுகிறது. அப்புறம் எதற்கு ‘என்’? ஜெ மெ ப்ரோஸ் லே தான். கை உடைந்துவிட்டால் ஜெ மெ ஸ்வி காஸே லெ ப்ரா. நாமும் ‘பல் தேய்த்தேன்’, ‘கையை உடைத்துக்கொண்டேன்’ என்றுதான் சொல்கிறோம், ‘என்னுடைய கையை’ என்று சொல்வதில்லை. தமிழில் வருவதுபோலவே விட்டுவிட்டால் சரியாக வந்துவிடும்.

‘ஸெ’ சேர்ந்ததும் பொருளே மாறிவிடும் வினைகள் எவை?

நிறைய உண்டு, பேச்சில் மிகவும் புழங்குபவையும் இவைதான். ‘த்ரோம்ப்பே’ ஏமாற்றுதல், ‘ஸெ த்ரோம்ப்பே’ தப்பாக நினைத்துவிடுதல். தவறான எண்ணுக்குப் போன் போட்டுவிட்டால் ‘ஜெ மெ ஸ்வி த்ரோம்ப்பே தெ ந்யூமெரோ’. ‘தெமான்தே’ கேட்டல், ‘ஸெ தெமான்தே’ தனக்குள் யோசித்துப் பார்த்தல். ‘ஆன்தான்த்ர்’ காதில் விழுதல், ‘ஸான்தான்த்ர்’ ஒத்துப்போதல். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகிறார்களா என்று கேட்க இந்த வினைதான் வேண்டும்.

‘பாஸே’ கடந்துபோதல். ‘ஸெ பாஸே’ நடத்தல், நிகழ்தல்: தெருவில் கூட்டத்தைப் பார்த்தால் ‘கெஸ் கி ஸெ பாஸ்?’, என்ன நடக்குது? அதே ஸெ பாஸே-க்குப் பின்னால் ‘தெ’ வந்தால் ‘இல்லாமல் சமாளித்தல்’ என்று பொருள். காபி இல்லாமல் இருக்க முடியாதவர் ‘ஜெ நெ பெ பா மெ பாஸே தெ கஃபே’ என்பார்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ‘தூத்தே’, ‘ஸெ தூத்தே’. முதலாவது சந்தேகப்படுதல். இரண்டாவது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு, இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தல். ஒரு செய்தியைச் சொன்னதும் ‘நான் அப்பவே நினைச்சேன்’ என்கிறோமே, அதற்கு ‘ஜெ மான் தூத்தே’. வகுப்பில் சொல்லித்தரும் நீண்ட வாக்கியங்களைவிட இப்படி இடமறிந்து விழும் ஒரு வரி உங்களை அந்த மொழிக்குள் வேகமாகக் கொண்டுபோய்விடும்.

யாரும் எதுவும் செய்யாத இடத்திலும் ‘ஸெ’ வருகிறதே?

செய்பவர் முக்கியமில்லாதபோது அப்படி வரும். ‘ஸா ஸெ மான்ஜ் ஃப்ருவா’: இதை ஆறவைத்துச் சாப்பிடுவது வழக்கம். ‘ஸா ஸெ தி’: அப்படிச் சொல்வதுண்டு. ‘ஸா ஸெ வ்வா’: பார்த்தாலே தெரிகிறது. ‘ஸா நெ ஸெ ஃபே பா’: அப்படியெல்லாம் செய்யக்கூடாது. குழந்தையைக் கண்டிக்கும் பெற்றோர் வாயில் இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கடி கேட்கலாம். நாம் ஒரு சொல்லைப் புதிதாகப் பயன்படுத்திப் பார்க்கும்போது ‘ஸா ஸெ தி?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் உடனே திருத்தித் தருவார்.

‘ஓன்’ என்ற எழுவாய் வந்தால் எந்தக் குட்டிச் சொல்?

பேச்சில் ‘நாம்’ என்ற பொருளில் வந்தாலும் ‘ஸெ’தான். நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு ஓன் ஸெ வ்வா தெமேன். ‘ஓன் நூ’ என்று கலக்கக்கூடாது.

இதில் ஒரு வாக்கியம் நிச்சயம் உங்கள் காதில் விழும்: ‘ஓன் ஸெ த்யூத்வா?’ இனி நீ, வா, போ என்று பேசிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். ஒருமையில் பேசுவதற்கு ‘த்யூத்வாயே’ என்று ஒரு வினையே வைத்திருக்கிறார்கள், மரியாதைப் பன்மைக்கு ‘வூவ்வாயே’. வயதிலோ பதவியிலோ பெரியவர் கேட்டால் தயங்காமல் ‘வீ, பியேன் ஸ்யூர்’ (ஆமாம், நிச்சயமாக) என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே த்யூ-வுக்கு மாறிவிடுங்கள். நீங்களாக அவரிடம் முதலில் கேட்க வேண்டாம்.